மர முட்டையை மறைப்பதா, காட்டுவதா: வன்னி வீடொன்றில் அலங்கார முறைகளின் ஒப்பீடு

கிளிநொச்சியில் கதவும் யன்னலும் செய்கிற தச்சுப் பட்டறை ஒன்றில், கட்டிற் கால் கடைந்து மிஞ்சுகிற துண்டுகளைக் கடைசல் இயந்திரத்தின் அருகே ஓர் உரப்பையில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பையிலிருந்து முதிரைத் துண்டுகள் நான்கையும் தேக்குத் துண்டுகள் இரண்டையும் பொறுக்கி, கோழிமுட்டை அளவில் ஆறு முட்டைகள் கடைந்து தரும்படி மாசி மாதத்தில் கேட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த, எதுவும் பூசப்படாத வெளிறிய மர முட்டைகள் ஆறு ஏற்கெனவே வீட்டில் இருந்தன. உயிர்த்த ஞாயிறுக்கு முன் பன்னிரண்டையும் அலங்கரித்து முடிப்பது என்று அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் எனக்கும் ஒப்பந்தம். எதனால் அலங்கரிப்பது என்ற கேள்விக்கு மூவரிடமும் மூன்று விடைகள் இருந்தன.

முட்டைகளைத் தரும்போது பட்டறைக்காரர் ஒன்று சொன்னார்: "பிள்ளை, முதிரைக்கு மேல பெயின்ற்தான் அடிக்கப் போறீங்களெண்டா முதலே சொல்லியிருக்கலாம், நான் வேப்பம் துண்டிலயே கடைஞ்சு தந்திருப்பன்." வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலோடு நின்றிருந்த எனக்கு, எந்த நிறம், எந்தக் கோலம் என்று எண்ணுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான் என்று அப்போதுதான் பட்டது. மரத்தை மறைக்கப் போகிறோமா, காட்டப் போகிறோமா? வீட்டில் செய்யக்கூடிய அலங்கார முறைகள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பிரித்துவிடலாம். பெயின்றும் கடதாசியும் மறைப்பவை. சாயமும் சூட்டுக்கோலும் பொலிஷும் காட்டுபவை. மெழுகு இரண்டுக்கும் நடுவில் நின்று, நம்முடைய வெயிலில் இரண்டையும் கெடுக்கும்.

அவித்த முட்டைக்கே சாயம் போடலாமே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை உண்டு. உயிர்த்த ஞாயிறு எந்த ஆண்டிலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் வரும். வன்னியில் அது மழை ஓய்ந்து வெயில் ஏறுகிற காலம். அந்த வெக்கையில் அவித்த முட்டையை மேசையில் அலங்காரமாக வைத்திருக்க முடியாது. மர முட்டை உடையாது, மணக்காது, அடுத்த ஆண்டுக்கும் இருக்கும். ரஷ்யாவில் மர முட்டைகளுக்கு ஓவியம் தீட்டும் வழக்கம் பழையது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் ஈஸ்டர் விளையாட்டில் சிறுவர்களுக்கு மர முட்டைகளைக் கொடுக்கும் வழக்கம் 1981 முதல் இருந்து வருகிறது. ஆகவே இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வேலையன்று. மரமும் வெயிலும் தூசியும் மாத்திரமே நம்முடையவை.

முதலில் மரம்

வெளிநாட்டிலிருந்து வருகிற வெறும் முட்டைகள் பெரும்பாலும் பேர்ச், பீச், லின்டன் போன்ற வெளிறிய, நெருங்கிய நார் உள்ள மரங்களால் ஆனவை. பார்வைக்கு அவற்றில் பெரிய சிறப்பு எதுவும் இல்லாததால் எதையும் தாராளமாகப் பூசலாம். நிறம் மாறாமல் எழும், கோடு சிதறாது. உள்ளூரில் கடையச் சொன்னால் அந்த இடத்துக்கு மாமரம், இறப்பர் மரம், வேம்பு ஆகியவற்றின் துண்டுகள் போதும்.

முதிரை வேறு சாதி. கடைந்து, 400 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து, கையில் வைத்து மெல்லத் திருப்பினால், பட்டுச் சேலையின் மடிப்பைச் சாய்க்கும்போது ஓடுவது போன்ற ஒளி பொன்மஞ்சள் மரத்தில் ஓடும். அதன்மேல் நீலப் பெயின்ற் அடிப்பது பட்டறைக்காரருக்கு ஏன் வலித்தது என்பது அந்த ஒளியைப் பார்த்தவருக்கு விளங்கும். அதே முதிரையில் ஒரு தீங்கும் உண்டு. அதன் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் அழற்சியையும் உண்டாக்கும். எனக்கே முழங்கைக்குக் கீழே இரண்டு நாள் தடித்துச் சிவந்திருந்தது. பிள்ளைகளிடம் முதிரையைத் தேய்க்கக் கொடுக்காதீர்கள். பெரியவர்களும் முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் அணிந்து, முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி இருந்து தேய்த்து, உடனே கை கழுவுவது நல்லது.

தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். தண்ணீரில் கரைகிற எந்தப் பெயின்றும் அதன்மேல் நன்றாகப் பிடித்தது போலத் தோன்றிப் பின்னர் நகம் பட்டால் உரிந்து வரக்கூடும். பூசுவதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் இந்தக் குறை பெருமளவு குறையும். ஆனால் தேக்குக்கு பெயின்றைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அது சாயத்தின் பகுதியில் வரும்.

மறைக்கும் முறைகள்

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் போஸ்டர் கலர் இருக்கும். செலவு இல்லாத முறை அதுதான் என்பதால் பலர் அதிலேயே தொடங்குவர். அது காய்ந்த பின்னும் தண்ணீரில் கரையும் என்பது அதன் அடிப்படைக் குறை. வியர்த்த கையால் தூக்கினால் நிறம் விரலில் ஒட்டும். பாதுகாப்புக்காகத் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசினால், மூன்று மணிநேரம் செலவழித்து வரைந்த கோலம் அந்தத் தூரிகையிலேயே சேறாகும். விசிறும் வார்னிஷை எட்ட நின்று இரண்டு மூன்று மெல்லிய படைகளாக அடித்தால் தப்பலாம். ஆனால் அந்த விசிறிக் குப்பியை வாங்கும் பணத்தில் ஓரிரண்டு அக்ரிலிக் குழாய்களை வாங்கியிருக்கலாம்.

அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும், காய்ந்தால் கரையாது. மணம் குறைவு, சிந்தினால் உடனே துடைக்கலாம், ஒரு நிறத்துக்குமேல் இன்னொரு நிறத்தை அரை மணித்தியாலத்துக்குள் வைக்கலாம். சிறுவர்களோடு செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல பூச்சு எனக்குத் தெரியவில்லை. வன்னி வெயிலில் அதன் விரைவே அதன் தொல்லையும் ஆகும்: பங்குனி நண்பகலில் தகரக் கூரையின் கீழே இருந்து வரைந்தால், நிறம் முட்டைக்குப் போவதற்கு முன் தூரிகையில் காய்ந்து நாரோடு நார் ஒட்டிவிடும். ஒரு பீங்கானில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் எண்ணெய்க் கடதாசித் துண்டொன்றை வைத்து, அதில் நிறத்தைப் பிதுக்கினால் ஓரளவு நேரம் ஈரமாக நிற்கும். காலை ஒன்பது மணிக்கு முன் வரைவது இன்னும் நல்லது.

அடித்தளத்தில் அவசரப்படக் கூடாது. முட்டையை முதலில் ஈரத் துணியால் துடைத்தால் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பாகும். காய்ந்ததும் 220 இலக்க சாண்ட் பேப்பரால் அதைத் தேய்த்துவிட்டுப் பூசினால், பெயின்றின் முதல் ஈரத்தில் அது மறுபடி பெரிதாக எழும்பாது. பிறகு, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷனில் சற்றுத் தண்ணீர் கலந்து ஒரு கை அல்லது இரண்டு கை அடித்துக் காயவிட வேண்டும். இந்த வெள்ளை இல்லாமல் நேரே மரத்தில் மஞ்சளோ இளஞ்சிவப்போ வைத்தவர், எத்தனை கை அடித்தாலும் மங்கலாகவே நிற்கிறதே என்று பெயின்றைக் குறை சொல்லுவார்.

முட்டையைப் பிடித்துக்கொண்டே வரைவது எப்படி என்பது எவரும் முன்கூட்டி யோசிக்காத சிக்கல். மழுங்கிய முனையில் சின்ன ஆணி ஒன்றை அரைவாசி அறைந்துவிட்டால் அதுவே கைபிடி; வரைந்து முடிந்ததும் அந்த ஆணியில் நூல் கட்டிக் கொடியில் தொங்கவிடலாம். ஆணி அடிக்க மனமில்லாத முதிரைக்குப் பிள்ளைகளின் பிளாஸ்ரிக் வளையல் ஒன்றை மேசையில் வைத்தால் முட்டை அதில் உருளாமல் இருக்கும். கோடுகளைச் சமமாகப் பிரிக்க அளவுகோல் உதவாது. இறப்பர் வளையம் ஒன்றை முட்டையின் நெடுக்கில் முனையிலிருந்து முனைக்குச் சுற்றி, அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்து, வளையத்தைக் கால் திருப்பம் திருப்பி மறுபடி இழுத்தால் முட்டை நான்கு இதழ்களாகும். குறுக்கே இன்னொன்று போட்டால் எட்டு. புள்ளி வைக்க ஈர்க்கின் அடி முனை. அதைவிடச் சிறிய புள்ளிக்குக் குண்டூசித் தலை. சின்னவள் இதழ்களுக்குள் மீன் வரைந்தாள். பெரியவன் எல்லா இதழ்களிலும் பனை வரையத் தொடங்கி, இரண்டாவதோடு களைத்து, மற்ற இரண்டையும் கறுப்பால் நிரப்பிவிட்டு "இரவு" என்றான். இரண்டுமே நன்றாக வந்தன.

எனாமலை நான் முயன்று பார்த்தது ஒரே ஒரு தடவை. அதன் பளபளப்பும் உறுதியும் அக்ரிலிக்குக்கு வராது என்பது உண்மை; வெளியில் தொங்கவிடுகிற முட்டைக்கு அதுவே பொருத்தம் என்றும் சொல்லலாம். ஆனால் காய்வதற்கு ஓர் இரவாவது வேண்டும், தூரிகை கழுவ டர்பன்டைன் வேண்டும், மணம் தலையைச் சுற்றும். கிரவல் வீதியோரத்தில் இருக்கிற வீட்டில் ஓர் இரவு என்பது மிக நீண்ட காலம். விடியற்காலையில் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று படலையைக் கடந்து போனது; நான் எழும்பிப் பார்த்தபோது வெள்ளை எனாமல் முட்டை முழுவதும் செம்மண் பூசி, உள்ளங்கையில் சிரங்கு வந்தது போல இருந்தது. தேய்த்து எடுத்து மறுபடி வெள்ளை அடிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் பெயின்றில் உள்ள ஈயத்தின் அளவுக்கு 2013 முதல் சட்டப்படியான வரம்பு உண்டு. அதற்கு முந்திய எனாமல் பேணி ஏதேனும் சாமான் அறையில் கிடந்தால், பிள்ளைகள் தொடும் பொருளுக்கு அதைத் திறவாமல் விடுவதே சரி.

கடதாசி ஒட்டுவது மறைக்கும் முறைகளிலேயே மலிவானது. பார்ப்பவரை அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். தட்டையான பெட்டியில் அழகாகப் படிகிற கடதாசி, முட்டையில் மடிப்பு மடிப்பாக எழும்பும், ஏனெனில் முட்டை எந்தத் திசையிலும் வளைந்தது. பூகோள உருண்டைக்கு வரைபடம் ஒட்டுகிறவர்கள் செய்வதைத்தான் நாமும் செய்ய வேண்டும்: நடுவில் அகன்று இரு முனையிலும் கூராகிற தோணி வடிவத் துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் பக்கமாக ஒட்ட வேண்டும். நடுவில் 4.5 சென்ரிமீற்றர் விட்டம் உள்ள முட்டையின் சுற்றளவு 14 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. எட்டுத் துண்டுகள் என்றால் ஒவ்வொன்றும் நடுவில் ஏறத்தாழ 1.8 சென்ரிமீற்றர் அகலம் வரவேண்டும். தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டி மிஞ்சிய மெல்லிய கடதாசி இதற்கு மிகப் பொருத்தம், ஏனெனில் அது பசையில் நனைந்ததும் தோல் போல ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் சாயம் சிலவேளை வெள்ளைப் பசையில் கரைந்து பக்கத்துத் துண்டில் ஊறும். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காட்டும் முறைகள்

சாயம் மரத்துக்குள் ஊறும். மேலே படலமாக நிற்காது. அதனால் நாரின் ஓட்டம் தெரியும், உரிவதற்கு எதுவும் இராது. அதேவேளை கூரான கோடுகளுக்கு அதில் இடமில்லை, ஏனெனில் ஈரம் நாரின் வழியே ஓடிப் பரவும். ஆக, சாயம் போட்ட முட்டையில் ஓவியம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நிறத்தை மட்டும் விரும்புகிறவருக்கு அது போதும்.

வீட்டில் இருப்பவற்றில் என்னை வியக்க வைத்தது தேயிலையும் துருவுமே. துருப்பிடித்த ஆணிகள் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடும் அளவுக்கு வினாகிரி ஊற்றி ஒரு கிழமை விட்டால், தண்ணீர் மங்கிய செம்மஞ்சளாகும். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். பிறகு கடும் சாயத் தேநீரை, சீனி போடாமல், முட்டையில் இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அந்த ஆணித் தண்ணீரைத் தூரிகையால் தொட வேண்டும். தூரிகை பட்ட இடம் முதலில் வெறும் ஈரமாகத்தான் தெரியும். கண் இமைத்து எடுக்கும் நேரத்துக்குள் ஓரத்தில் சாம்பல் நிறம் கிளம்பி, மழைமேகம் குளத்துக்கு மேலே வருவது போல உள்ளே நகர்ந்து, சில நிமிடங்களில் கருஞ்சாம்பலாகவோ கறுப்பாகவோ நிலைக்கும். தேயிலையில் உள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. கடுக்காயையும் இரும்பையும் கொண்டு பழைய காலத்தில் மை காய்ச்சியதும் இதே வேதியியலால்தான். தேக்கில் இயல்பாகவே அந்தத் துவர்ப்பு ஓரளவு இருப்பதால் தேநீரை ஒருமுறை பூசினாலே போதும், பழைய வள்ளத்தின் பலகை போன்ற நிறம் வரும். செலவென்று பார்த்தால் ஒரு போத்தல் வினாகிரி மாத்திரமே.

மஞ்சளை எல்லாருக்கும் முதலில் தோன்றும். மரத்தில் அது உடனே பிடிக்கும், மலிவு, மணமும் நல்லது. சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு மேலே இழுத்தால் அந்த இடம் குங்குமச் சிவப்பாக மாறுவதைப் பிள்ளைகள் எத்தனை தரம் பார்த்தாலும் சலிக்கமாட்டார்கள். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. யன்னலோரம் வைத்த முட்டை சில கிழமைகளில் வெளுத்துப் போய்விட்டது. பழைய முறையைத் தேடுகிறவர்கள் சாயவேரை நினைவுகூருவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் கிண்டுவது அரசு தன் வருமானத்துக்காகக் கைக்குள் வைத்திருந்த தொழில். அந்த வேரின் சிவப்பு வெயிலுக்கு அஞ்சாதது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விடுகிற நம்முடைய கடின நீர்கூட அந்தச் சிவப்புக்குத் துணை செய்யும், ஏனெனில் அதற்குச் சுண்ணச் சத்து வேண்டும். ஆயினும் அது படிகாரத்தோடு பருத்தித் துணிக்குப் போடும் சாயம். கடையில் கேட்டு வாங்கக்கூடிய பொருளாகவும் அது இன்று இல்லை. பனையோலைப் பெட்டியும் பாயும் இழைக்கிறவர்கள் ஓலைக்குப் போடும் தூள் சாயம் அதைவிடக் கிட்டே இருக்கிறது. ஓலையைப் போலவே முட்டையையும் அந்தக் கொதிநீரில் போட்டுப் புரட்டலாம். இளஞ்சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். கை உறை இல்லாமல் தொட்டவரின் விரல்களும் அப்படியே கண்ணைப் பறிக்கும்.

மெழுகைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் முட்டை அலங்காரம் என்று இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பதே உக்ரேனியப் பிசங்கா முட்டைகளின் படங்கள். உருக்கிய தேன்மெழுகால் கோடு எழுதி, இளநிறத்திலிருந்து கடுநிறத்துக்கு ஒவ்வொரு சாயமாக முக்கி எடுத்து, கடைசியில் மெழுகை உருக்கித் துடைத்து எடுக்கும் அந்தக் கலையை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது மெய்யான முட்டை ஓட்டுக்கு ஏற்ற முறை. மரத்தில் சாயம் மெழுகுக் கோட்டின் அடியால் நாரைப் பிடித்து ஊறி மறுபக்கம் போகும். சூட்டினால் மெழுகை எடுக்கப் போனால் அது மரத்துக்குள் இறங்கி, பின்னர் பூசும் எந்த வார்னிஷையும் பிடிக்கவிடாது. மெழுகை எடுக்காமல் அப்படியே புடைப்பாக விட்டாலும், தேன்மெழுகு உருகுவது 62 பாகை செல்சியஸுக்கு மேலேயே என்றாலும், தகரக் கூரை வீட்டின் மதிய வெக்கையில் மெதுமெதுப்பாகி வீதியின் தூசி முழுவதையும் சேர்த்துக்கொள்ளும். காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் நல்ல மெழுகு வாங்க முடிகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மெழுகில் வேலை செய்யத்தான் வேண்டும் என்பவர் உண்மையான முட்டையை ஊசியால் துளைத்து ஊதி வெறுமையாக்கி, அதில் செய்யட்டும்.

சூட்டுக்கோல் வேலைக்கு வானொலி திருத்துகிறவர்கள் ஈயம் பற்றவைக்கும் 30 அல்லது 40 வாட் கோலே போதும். இதன் நன்மை, கோடு ஒருபோதும் அழியாது, காய வேண்டியதில்லை, தூசியால் கெடாது. மின்சாரம் இருந்தால் அரைநாளில் முட்டை முடிந்துவிடும். தீமை, பிழையும் அழியாது. கோலை ஒரு கணம் தயங்கி நிறுத்தினால் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும். நாரின் கடும் பகுதியிலிருந்து மெதுவான பகுதிக்கு வரும்போது கோடு திடீரெனத் தடிக்கும். வெளிறிய மரத்தில் கோடு தேன்நிறத்தில் தெளிவாக எழும். முதிரையில் அதைவிட மெதுவாக இழுக்க வேண்டியிருக்கும், ஆனால் பொன்னிறத்தில் கபிலக் கோடு நகை வேலைப்பாடு போல நிற்கும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் இதைக் கொடுக்கமாட்டேன். பெயின்றோ வார்னிஷோ பூசிய முட்டையில் சூட்டுக்கோல் வைக்கக் கூடாது. எழும் புகை நஞ்சு. வெறும் மரத்தின் புகைகூட நல்லதன்று என்பதால் திண்ணையில் காற்றோட்டத்தில் இருந்து செய்வதே முறை.

வீட்டில் செய்ய முடியாத முறை ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கிறேன். மாத்தளையின் ஹபுவித ஊரில் நிறமூட்டிய அரக்கை மரப் பொருட்களில் ஏற்றுகிறார்கள். சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். நகத்தால் இழை இழையாக இழுத்து வைக்கும் இன்னொரு வகை வேலையும் அங்கே உண்டு. கர்நாடகத்தின் சன்னபட்ணப் பொம்மைகளும் கடைசலில் அரக்கு ஏற்றியவைதான், மரம் வெட்பாலை. (தமிழ்நாட்டவர் பாலை என்று எழுதினால் சிலவேளை அந்த மெதுவான வெட்பாலையைக் குறிக்கும், பழம் தருகிற, இரும்பு போன்ற வன்னிப் பாலை வேறு.) கடைசல் இயந்திரம் உள்ள பட்டறைக்காரர் ஒருவர் முயன்றால் நம் ஊரிலும் இது வரும். வீட்டு மேசையில் வராது.

மேற்பூச்சு

எந்த முறையானாலும் கடைசியில் ஒரு காப்பு வேண்டும். தச்சர்கள் அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பொலிஷ் முதிரைக்கு மிக அழகு. பஞ்சைத் துணியில் பொதிந்து, நனைத்து, வட்டமாகத் தேய்த்தால் மரத்தின் ஒளி உள்ளிருந்து எழும். ஈரமான பாத்திரத்தின் அருகே வைத்தால் அது வெள்ளை படரும். அக்ரிலிக் வரைந்த முட்டைக்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷ் போதும். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்று பளபளக்கும். அது ஒருபோதும் காய்ந்து இறுகாத எண்ணெய் என்பதால் பிறகு பிசுபிசுத்து மணக்கும். ஆளிவிதை எண்ணெய் இறுகும், ஆனால் அது ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துக் காயவிட்டபின் எறிய வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

எட்டு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு, வெளிறிய மர முட்டையும் அக்ரிலிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைவிடச் சிறியவர்களுக்குக் கடதாசி ஒட்டலாம், துண்டுகளைப் பெரியவர் வெட்டிக் கொடுக்கும் பட்சத்தில். விற்பதற்காகவோ பரிசாகக் கொடுப்பதற்காகவோ செய்கிற பெரியவருக்கு உள்ளூர் மரத்தைக் காட்டும் முறைகளே பொருத்தம் என்பது என் கருத்து. நிறம் பூசிய முட்டை எங்கும் வாங்கலாம். முதிரையின் பொன்னிறத்தை வெளியூரில் இருக்கும் நம்மவர் கையில் வைத்துப் பார்த்தால் எந்த மண்ணின் மரம் என்று கேட்காமலே சொல்லுவார். எனாமலைக் கல்வீட்டின் மூடிய அறை உள்ளவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எங்கள் பன்னிரண்டில் வெளிறிய ஆறில் நான்கு அக்ரிலிக்கில் முடிந்தன, ஒன்றுக்குப் பட்டக் கடதாசி, ஒன்று எனாமலால் மண் பூசிப் பின்னர் வெள்ளையாகவே நின்றுவிட்டது. தேக்கு இரண்டும் தேநீரிலும் ஆணித் தண்ணீரிலும் கறுத்தன. முதிரை நான்கில் மூன்றுக்குச் சூட்டுக்கோலால் ஒரே ஒரு வளைகோடு இழுத்துப் பொலிஷ் தேய்த்தேன். நான்காவதைத் தேய்த்தபின் எதுவும் பூசாமல் கோழிக்கூட்டில் வைத்தோம், ஏனெனில் எங்கள் ஊர்க்கோழி வேலியோரம், விறகுக் கும்பி என்று இடம் மாற்றி மாற்றி இடுகிறது, கூட்டில் ஒரு முட்டை இருந்தால் அங்கேயே வந்து இடும். பூச்சு எதுவும் இல்லாத முட்டை மட்டுமே அதற்கு ஆகும். சாரைப்பாம்பு நடமாடுகிற வளவென்றால் மாலையில் அதை எடுத்துவிட வேண்டும், விழுங்கினால் பாம்பின் வயிற்றில் அது கரையாது. மழுங்கிய முனையில் சூட்டுக்கோலால் சின்ன வட்டம் ஒன்றும் போட்டு வைத்திருக்கிறேன். வட்டம் போடுவதற்கு முன்பு, ஒரு காலை, அம்மா அதையும் கூட்டிலிருந்த மூன்று கோழிமுட்டைகளோடு சேர்த்து அவிய வைத்துவிட்டார்.